வேனுக்குள் ஒன்பது நாள், மலைநாட்டைச் சுற்றி: எல்லோரும் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்

நாங்கள் அட்டன் பக்கம். என் வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். 2025 ஆகஸ்ட் விடுமுறையில் அந்த வேனின் சீற்றுகளைக் கழற்றி, பலகை போட்டு, மெத்தை விரித்து, ஒன்பது நாள் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, மலைநாட்டைச் சுற்றி வந்தோம். இரண்டு பேருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் கொழும்பில்.

வந்து மாதக்கணக்காகியும் கேள்வி ஓயவில்லை. சொந்தக்காரர்கள், வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாமார், மரக்கறிக் கடைக்காரர் என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எந்த வழியாகப் போனீர்கள்?

அட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா. அங்கிருந்து அம்பேவளை வழியாக ஓட்டன் சமவெளிக்குப் போய்த் திரும்பி வந்து, ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை. பிறகு பெரகலையில் இறங்கி, கொஸ்லந்தை, வெல்லவாய. மறுபடி ஏறி எல்ல, பதுளை, பசறை, மடுல்சீமை. திரும்பும்போது பதுளையிலிருந்து வெலிமடை, நுவரெலியா, றம்பொடை, புஸ்ஸல்லாவை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, வீடு.

நானுஓயாவுக்கு ராதெல்லைக் குறுக்கு வீதியால் போகவில்லை. 2023 ஜனவரியில் அந்தப் பெரிய விபத்து நடந்தது அங்கேதான். தலவாக்கலை, லிந்துலை வழியாகச் சுற்றிப் போனால் கொஞ்ச நேரம் கூட எடுக்கும். எடுக்கட்டும்.

இவ்வளவுதானா? ஒன்பது நாளில் இலங்கையையே சுற்றிவிடலாமே?

சுற்றலாம். மொத்தமாக ஏறத்தாழ 500 கிலோமீற்றர்தான் ஓடினோம். நாளுக்கு ஐம்பத்தைந்து வருகிறது. முதலில் நானும் இவரைத் திட்டினேன், ஆமை மாதிரி ஊர்கிறோமே என்று. இவர் சொன்னார், “தினமும் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு மணிக்கணக்குப் பார்த்து ஓடுறேன். இந்த ஒன்பது நாளாவது மணியைப் பார்க்காம ஓட விடு.”

மலை வீதியில் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீற்றர் போனாலே நல்ல ஓட்டம். மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. லபுக்கலைக்கு மேலே ஒரு மாலை நான் ஜன்னலால் தலையை நீட்டி வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல இவர் ஓட்டினார். வரைபடத்தில் 40 கிலோமீற்றர் என்று காட்டினால் அரை நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பிளேன்டீயும் குடிக்கலாம்.

எந்த வேன்? எப்படி மாற்றினீர்கள்?

பழைய டொல்பின் வேன், டீசல். பின்னால் மூன்று வரிசைச் சீற்றைக் கழற்றி வீட்டில் அடுக்கிவிட்டு, தச்சு வேலை தெரிந்த என் தம்பியைக் கொண்டு நான்கு பலகைப் பெட்டி செய்தோம். பெட்டிக்குள் சாமான், பெட்டி மேல் மெத்தை. வேனில் ஒரு ஆணி அடிக்கவில்லை, ஒரு ஓட்டை போடவில்லை. விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் ஏற வேண்டுமே! நீங்கள் நிரந்தரமாக மாற்றுவதென்றால், கராஜுக்குப் போவதற்கு முன்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.

ஜன்னலுக்குப் பழைய சேலையைக் கிழித்துத் திரை தைத்தேன். இதில் ஒரு பாடம் படித்தோம். முதல் இரவு குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் இறுக்கி மூடிக்கொண்டு படுத்தோம். விடியப்போகும் நேரம் என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று இவரை எழுப்பினேன். டோர்ச் அடித்துப் பார்த்தால் கூரைத் தகரம் முழுக்க முத்து முத்தாக நீர். வெளியே மழையே இல்லை. எங்கள் இருவரின் மூச்சுத்தான் இரவு முழுக்கக் குளிர்ந்த தகரத்தில் பட்டுப் பட்டு நீராகி நின்றது. திரை, தலையணை, கம்பளி எல்லாம் ஈரம். அடுத்த நாளிலிருந்து எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடியை இரண்டு விரல் இடைவெளிக்குத் திறந்து வைத்தோம். குளிர்தான், ஆனாலும் காய்ந்த கம்பளிக்குள் இருக்கும் குளிரைத் தாங்கலாம்.

எந்த மாதம் போவது நல்லது?

நீங்கள் மலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது முழுவதையும் மேற்குப் பக்கம் வாங்கிக்கொள்ளும்: கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், மஸ்கெலியா, நோர்வூட். எங்கள் வீட்டில் ஜூன், ஜூலை மாதம் துணி காய்வதென்றால் அடுப்புக்கு மேலேதான். அதே நேரம் மலை முதுகைத் தாண்டி ஊவாப் பக்கம் போனால் காய்ந்த காற்று அடிக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் ஒரு தனி மதிப்பு உண்டு, அந்த வாசனையைக் கொடுப்பதே இந்தக் காற்றுத்தான் என்பார்கள். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கதை தலைகீழ். பதுளை, பசறை நனையும், எங்கள் பக்கம் வெயில். எங்கள் பக்கத்துத் திம்புலைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம்.

நாங்கள் போனது ஆகஸ்டில். நுவரெலியாவில் ஒரு பகல் முழுக்க வேனுக்குள் அடைந்து கிடந்தோம், அப்படி ஒரு மழை. அடுத்த நாள் காலை ஹக்கலைத் தோட்டத்தைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும்போது, நாலைந்து வளைவுக்குள் மழை நின்றுவிட்டது. வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று இழுக்கும்போதுதான் இவருக்கு அதை நிறுத்த ஞாபகம் வந்தது. கீழே வயல், வெயில், கரட் கழுவுகிற ஆட்கள். ஈரக் கம்பளி முழுவதையும் வேன் கூரையில் விரித்துக் காயவைத்தோம்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் போகாதீர்கள். காரணத்தைக் கீழே மண்சரிவுக் கேள்வியில் சொல்கிறேன்.

இரவில் எங்கே நிறுத்தித் தூங்கினீர்கள்? யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். பயணம் என்றாலே எனக்கு இப்போது இதுதான் ஞாபகம்.

மலைநாட்டில் சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று இல்லை. பார்க்க வெறும் புல் மேடாக இருக்கும். அது ஒரு தோட்டத்தின் மைதானமாக இருக்கும், அல்லது கோயில் காணி, அல்லது யாரோ மாடு கட்டும் இடம். முதல் இரண்டு நாள் இது புரியாமல் வீதியோரமாக நிறுத்தினோம். ஓர் இரவு பதினொன்றரைக்கு ஒருவர் கண்ணாடியைத் தட்டி எழுப்பி, உடனே எடுக்கச் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். அவருடைய நிலம், அவருக்குத் தெரியாத வேன். நாங்களாக இருந்தாலும் தட்டியிருப்போம். அரைத் தூக்கத்தில், மூடுபனியில் இன்னும் ஆறு கிலோமீற்றர் ஓட்டிப் போய் ஒரு பெற்றோல் செட்டில் ஒதுங்கினோம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நான்கு மணிக்கு மேல் ஓட்டம் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய், யாரிடமாவது கேட்டு, அனுமதி வாங்கி நிறுத்துவது. தோட்டம் என்றால் தலைவரிடம் அல்லது வாச்சரிடம், அவர்கள் சொன்னால் ஆபீசில். கோயில் என்றால் பூசகரிடம். பன்சலை (பௌத்த விகாரை) என்றால் ஹாமதுருவிடம், அதாவது பிக்குவிடம். இரண்டு இரவு பெற்றோல் செட், ஓர் இரவு பன்சலை வளவு, மற்றதெல்லாம் கோயிலும் தோட்டத்து மைதானமும். கேட்டு ஒருவரும் மறுக்கவில்லை.

வெலிமடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நிறுத்தினோம். பெட்டியைத் திறந்து அடுப்பை எடுப்பதற்குள் ஒரு பாட்டி வந்து நின்றார். கொழுந்தெடுத்துவிட்டு வருகிறார். இடுப்பில் இன்னும் படங்குச் சாக்கு. முதல் கேள்வி, “எந்தத் தோட்டம் நீங்க?”

மலைநாட்டில் பேரைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் பிறந்த தோட்டத்தையும், டிவிசனையும் சொன்னேன். அங்கே யார் வீட்டுப் பிள்ளை? சொன்னேன். ஐந்து நிமிடத்தில் என் சின்னம்மா முறை ஒருவர் அவருடைய கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டது வரை வந்துவிட்டது. அதற்கு மேல் அடுப்பு மூட்ட விடவில்லை. தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தது. பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கேட்டார், “வூடு இருக்குறப்போ எதுக்குப் புள்ள வண்டியில படுக்குறீங்க?”

இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். ஊர் பார்க்க வந்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலை இல்லாமல், கலியாணம், சாவு, திருவிழா எதுவும் இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதை எங்கள் அம்மா அறிந்ததே இல்லை. கடைசியில் இவர்தான், “ஆசைக்கு, ஆத்தா” என்றார். பாட்டி சிரித்துவிட்டார்.

தோட்ட வீதிகளுக்குள் வேன் போகுமா?

போகும், திரும்ப வருவதுதான் சிரமம். அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமான தம்பேதன்னை வரை ஓட்டிப் போய், தொழிற்சாலைப் பக்கம் கேட்டு வேனை விட்டுவிட்டு, லிப்டன் சீற்றுக்கு ஓட்டோவில் ஏறினோம். அந்த வீதியில் எதிரே லொறி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், பின்னால் பள்ளம். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய ஸ்டோர் இன்னும் வேலை செய்கிறது. நாங்கள் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வாடின கொழுந்து வாசனை வீதி வரை வருகிறது. எத்தனை வருடம் அந்த வாசனைக்குள்ளேயே கிடந்தாலும் இன்னொரு தோட்டத்தின் ஸ்டோரைத் தாண்டும்போது மூக்கு தானாகத் திரும்பும்.

மேலே லிப்டன் உட்கார்ந்த இடம் என்று சிலையோடு காட்டுகிறார்கள். காலையில் போனால் தெற்கே சமவெளி வரை தெரியும். எனக்கு என்னவோ, கீழே மலையில் நிரை பிடித்து நின்ற பெண்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். சரிவில் கால் எங்கே வைக்கிறார்கள் என்று.

பயமாக இல்லையா? சிறுத்தை, பாம்பு…

சிறுத்தை தோட்டங்களில் உண்டு, உண்மைதான். அது நம்மைக் கண்டால் விலகிப் போகும். ஒன்பது நாளில் நாங்கள் பார்த்தது ஒரு காலடித் தடம், அதுவும் நாயுடையது என்று வாச்சர் சொன்னார். இரவில் சாப்பாட்டு மிச்சத்தை வெளியே போடாதீர்கள், காட்டுப்பன்றியும் நாயும் வரும்.

பயப்பட வேண்டியது குளவிக்கு. கொழுந்தெடுக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல, உயிர் போனதும் உண்டு. பெரிய மரத்தடியில், பாறை இடுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்கு முன் அண்ணாந்து ஒரு தடவை பாருங்கள். கூடு தெரிந்தால் அங்கே அடுப்பு மூட்டாதீர்கள், புகை பட்டால் கிளம்பிவிடும். கொட்டினால் தாமதிக்க வேண்டாம்: 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

அட்டை, ஈரப் பக்கத்தில் ஏராளம். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டால் அவ்வளவாக ஏறாது. ஏறினால் உப்பு. இதற்கெல்லாம் பயந்தால் எங்கள் ஊரில் குடியிருக்க முடியாது.

கழிப்பறை?

எல்லோரும் சுற்றி வளைத்துக் கடைசியில் இதற்குத்தான் வருவார்கள், அதுவும் பெண்கள் குரலைத் தாழ்த்தி. பெற்றோல் செட், ரயில் நிலையம், கோயில், சாப்பாட்டுக் கடை என்று பகலில் சமாளிக்கலாம். இரவுக்கு மூடியுள்ள வாளி, உள்ளே தடித்த பை, மேலே போட மரத்தூள். மரத்தூளைத் தம்பி ஒரு சாக்கு நிறையக் கொடுத்தான். வாசனை வரவே இல்லை. காலையில் கழிப்பறை உள்ள இடம் பார்த்துக் கொட்டிக் கழுவுவது இவருடைய வேலை. பயணத்துக்கு ஒத்துக்கொள்ளும்போதே நான் போட்ட நிபந்தனை அது.

குளிக்க பீலி. வீதியோரத்தில் மூங்கிலோ குழாயோ வைத்துக் கொட்டுகிற தண்ணீர். துணி கட்டிக் குளிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆகஸ்டில் நுவரெலியாப் பீலியில் நான் குளிக்கவில்லை. இவர் குளித்தார், பிறகு ஒரு மணி நேரம் பேசவில்லை. குடிப்பதற்கு எந்தப் பீலியானாலும் கொதிக்க வைத்துத்தான். மேலே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கிறதா, மருந்தடித்த மலை இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது.

என்ன சமைத்தீர்கள்?

சின்ன காஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, ஒரு பிரஷர் குக்கர். குக்கர் இல்லாமல் கிளம்பாதீர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். பானையில் பருப்புக் கொதிக்கும், கொதிக்கும், வேகாது. இதை நான் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதினேன். முதல் நாள் பருப்பை வாயில் வைத்தபோதுதான் புரிந்தது.

காலையில் பாண், சீனிச்சம்பல். மதியம் கடை. இரவு சோறு, பருப்பு, அன்றைக்கு வழியில் வாங்கிய மரக்கறி. வெலிமடையில் போஞ்சி, நுவரெலியாவில் லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்). மாசியும் காய்ந்த மிளகாயும் வீட்டிலிருந்து.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: வேனுக்குள் கதவை மூடிக்கொண்டு அடுப்பு எரிக்காதீர்கள், குளிர் காய்வதற்காகக் கரி அடுப்பை உள்ளே வைக்காதீர்கள், எஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். அதில் வரும் நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. தூங்கியவர் எழும்ப மாட்டார். நாங்கள் மழையிலும் பின் கதவைத் தூக்கி, அதன் கீழே நின்றுதான் சமைத்தோம்.

மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா?

பிடித்தது, பிடிக்காமலும் போகப் பார்த்தது.

திரும்பும் வழியில் நுவரெலியாவில் நான் ஆசைப்பட்டு மரக்கறி வாங்கினேன். கொஞ்சம் அதிகமாக. இரண்டு மூட்டை லீக்ஸ், ஒரு மூட்டை கரட், கோவா பன்னிரண்டு. அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துத்தான். அதோடு றம்பொடை இறக்கம். இருபது வருடம் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய மனுசன், அன்றைக்குப் பேச்சு மும்முரத்தில் மூன்றாவது கியரிலேயே இறங்கிக்கொண்டு பிரேக்கை மிதித்து மிதித்து வந்தார். றம்பொடைக்கு மேலே ரப்பர் கருகின மாதிரி ஒரு நாற்றம். யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நான் சொன்னேன். இவர் முகம் மாறிவிட்டது. மிதி கொஞ்சம் ஆழமாகப் போகிறது என்றார். கியரை இரண்டுக்கு, ஒன்றுக்கு இறக்கி, மெல்ல ஒரு கடைக்கு முன்னால் ஓரம் கட்டினார். முன் சில்லுப் பக்கம் புகை.

கடைக்காரப் பையன் உதவிக்கு ஒரு வாளி தண்ணீரோடு ஓடி வந்தான். இவர் கையை நீட்டித் தடுத்தார். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும், வளையும். தானாக ஆற விட வேண்டும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம், இரண்டு பிளேன்டீ, ஒரு மாலு பணிஸ். பயணத்துக்கு முதல் வாரம் ஒரு கராஜில் பிரேக் பேட் மாற்றியிருந்தோம், மலிவாகக் கிடைத்தது என்று போட்டார்களாம். ஊருக்கு வந்து கழற்றிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தது.

அந்த வீதியில்தான் அதே வருடம் மே மாதம் கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். பாரத்தைக் குறையுங்கள். பன்னிரண்டு கோவா யாருக்கும் தேவையில்லை.

மண்சரிவு?

கொஸ்லந்தையைத் தாண்டும்போது மீரியபெத்தைக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தினோம். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், மலை வந்து லயங்களை மூடியது. இவர் கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் இறங்கவில்லை.

நாங்கள் வீடு வந்து மூன்று மாதத்தில், நவம்பர் கடைசியில், டித்வா புயல். மலைநாட்டில் எத்தனையோ இடம் சரிந்தது, வீதியும் ரயில் பாதையும் அறுந்தது, நூற்றுக்கணக்கான உயிர் போனது. ஒக்டோபர், நவம்பர் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். மேலே நான் எழுதியிருக்கும் வழி புயலுக்கு முந்திய வழி. அதை அப்படியே நம்பிப் புறப்படாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் முதல் நாள் அந்த ஊர் ஆளிடம் கேளுங்கள். பஸ்காரர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேசம் வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் பயணம் இல்லை, பேச்சே இல்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இரவு நிறுத்தும்போது வெட்டிய மண் மேட்டுக்குக் கீழே நிறுத்தாதீர்கள். தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால், மரமோ தந்திக் கம்பமோ சாய்ந்திருந்தால், தரையில் புது வெடிப்பு கண்டால், தூக்கம் முக்கியமில்லை, வண்டியை எடுங்கள்.

ஓட்டன் சமவெளிக்குள் வேனில் தூங்கலாமா?

நினைத்த இடத்தில் முடியாது. அது தேசியப் பூங்கா. முகாம் போட வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நாங்கள் வெளியே பட்டிப்பொலைப் பக்கம் கேட்டு நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றோம். பையைத் திறந்து பொலித்தீன், பிளாஸ்டிக் எல்லாம் பார்ப்பார்கள், நியாயம்தான்.

உள்ளே சுற்று நடை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். ஆகஸ்டில் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தும் போனோம். உலக முடிவு என்ற அந்தப் பெயர்பெற்ற பாறை விளிம்பில், கீழே 800 மீற்றருக்கு மேல் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைச் சுவர். அரை மணி நேரம் நின்றோம். சுவர் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்த்துக் கையை விரித்தார்கள், நாங்களும் விரித்தோம். நடந்து திரும்பும்போது மரைகள் பார்த்தோம், அது போதும். ஜனவரி முதல் மார்ச் வரை, விடியற்காலையில் போங்கள்.

எல்ல எப்படி?

கூட்டம். வேன் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்பது வளைவுப் பாலம் அழகுதான், 1921இல் முடித்த வேலை, கல்லும் செங்கல்லும். அதைவிட எனக்குத் தெமோதரைதான் பிடித்தது. ரயில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, சுரங்கத்தால் புகுந்து, தன் ஸ்டேஷனுக்குக் கீழேயே போகிறது. மேலே நின்ற கோச்சி கொஞ்ச நேரத்தில் நம் காலுக்கடியில் போவதைப் பார்த்து இவர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

சிவனொளிபாதமலைக்கு ஏன் போகவில்லை?

ஆகஸ்டில் பருவகாலம் இல்லை. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரைதான் படிக்கு விளக்கு, கடை எல்லாம். அதோடு எங்கள் வீட்டிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ்ஸே போகிறது.

ஒன்பது நாள் அவ்வளவு சின்ன இடத்தில்… சண்டை வரவில்லையா?

வந்தது. நுவரெலியாவில் மழையில் அடைந்து கிடந்த அன்று, ஈரத் துவாயை எங்கே போடுவது என்பதில் தொடங்கி, 1998இல் இவருடைய அக்கா வீட்டுக் கலியாணத்தில் நடந்தது வரை போனது. கதவைத் திறந்து வெளியே போகவும் முடியாது. அப்புறம் இவர் தேத்தண்ணீர் போட்டார்.

இடம் சின்னது என்று எனக்குத் தோன்றவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் ஏழு பேர் வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு பேருக்கு ஒரு வேன் என்றால் அது பங்களா. பயணத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இடமில்லை, சத்தம். விடியற்காலை ஆறு மணிக்கு அடிக்கிற தப்புச் சத்தமோ, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுகிற குரலோ கேட்டால் இப்போதும் என் கால் தானாகப் பாயை விட்டு இறங்கும். அந்த ஒன்பது நாளும் கேட்டுவிட்டு, புரண்டு படுத்தேன்.

செலவு?

விலைவாசி மாதத்துக்கு ஒன்றாக மாறுகிறது, ரூபாயில் சொல்லிப் பயனில்லை. டீசல் அறுபது லீற்றருக்குச் சற்று மேல். சமவெளியில் லீற்றருக்குப் பதினொன்று ஓடுகிற வேன் மலையில் எட்டுத்தான் ஓடியது. தங்கும் செலவு இல்லை. கோயில் உண்டியலிலும் பன்சலையிலும் மனதுக்குப் பட்டதைப் போட்டோம். நிறுத்த இடம் கொடுத்த வீடுகளுக்குப் பணம் நீட்டாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். சீனி, பிஸ்கட், பிள்ளைகளுக்குக் கொப்பி என்று கொண்டு போங்கள்.

உங்கள் வேனை வாடகைக்குத் தருவீர்களா?

இல்லை. சீற்று பழையபடி ஏறிவிட்டது. மெத்தை தம்பி வீட்டில். பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டாம் வாரம், கடைசி வரிசையில் இருக்கும் சின்னப் பெண் ஒன்று இறங்கும்போது என்னிடம் ஒரு காய்ந்த லீக்ஸ் இலையை நீட்டி, “அன்ட்டி, இது சீட்டுக்குக் கீழ இருந்திச்சி” என்றாள்.